இடது பக்கம் கொஞ்சம் காலி!

"அண்ணாச்சி, ஒரு டப்பா அது குடுங்க..."

"எது தம்பி?"

"அதான்... அந்த... நாத்தம் அடிக்குமே. ஆனா குழம்புல போட்டா வாசனையா இருக்குமே..."

அண்ணாச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார். "கருவாடு நம்ம கடையில வைக்கிறதில்லையே தம்பி!"

பின்னால் வெண்ணெய்க்காக நின்றுகொண்டிருந்த ஒரு மாமி சட்டென்று ரெண்டடி தள்ளி நின்றுகொண்டார். நான் ஒரு சோப்பை வாங்கிக்கொண்டு கௌரவமாக வீட்டுக்குத் திரும்பினேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது, கூப்பிடாத விருந்தாளி மாதிரி அந்த வார்த்தை வந்து நின்றது.

பெருங்காயம்!

நான் குடித்திருக்கவில்லை. காதலிலும் இல்லை, கல்யாணமாகிவிட்டது. விஷயம் என்னவென்றால், என் மூளையின் இடது பக்கத்தில், காதுக்கு நேர் உள்ளே, ஒரு மூன்றரை சென்டிமீட்டருக்கு இப்போது மூளை கிடையாது. 2019-ல் ஆபரேஷன் பண்ணி எடுத்துவிட்டார்கள். "இருந்தால்தானே எடுக்க?" என்ற ஜோக்கை என் நண்பர்கள் எல்லோரும் சொல்லி முடித்துவிட்டார்கள். நீங்கள் வேறு ஏதாவது புதுசாக யோசியுங்கள்.

எனக்குப் பதினோரு வயதில் வலிப்பு வந்தது. சினிமாவில் காட்டுகிற மாதிரி எப்போதும் கை கால் வெட்டி இழுக்காது. வயிற்றிலிருந்து என்னவோ ஜில்லென்று மேலே ஏறும். எதிரில் நடப்பதெல்லாம் ஏற்கெனவே ஒரு தடவை நடந்த மாதிரி இருக்கும். அப்புறம் ஒன்றிரண்டு நிமிஷம் நான் ஊரில் இல்லை. பார்வை நிலைகுத்தி, வாய் எதையோ மெல்ல, கை சட்டைப் பட்டனைத் திருகிக்கொண்டிருக்கும். கணக்கு வாத்தியார் இதை அலட்சியம் என்று நினைத்து முட்டி போட வைத்திருக்கிறார். மாசத்துக்கு ஒன்றோ ரெண்டோ பெரிசாகிக் கீழே விழுவேன். உடனே சுற்றியிருப்பவர்கள் செய்கிற முதல் காரியம் உங்களுக்கே தெரியும். சாவிக்கொத்து!

பீரோ சாவி, ஸ்கூட்டர் சாவி, பள்ளிக்கூட லேப் சாவி, ஒரு தடவை கண்டக்டர் ஒருவர் பஸ்ஸின் டூல் பாக்ஸிலிருந்து எடுத்த ஸ்பானர்... இருபது வருஷத்தில் என் கையில் திணிக்கப்பட்ட இரும்பைச் சேர்த்து வைத்திருந்தால் இன்றைக்குப் பழைய இரும்புக்கடை வைத்துச் செட்டிலாகியிருப்பேன். வலிப்பு ஒன்றிரண்டு நிமிஷத்தில் தானாகவே நிற்கும். நின்ற நேரத்தில் கையில் சாவி இருப்பதால் பெயர் சாவிக்குப் போய்விடுகிறது. வேலை பார்ப்பது ஒருத்தர், இன்க்ரிமென்ட் இன்னொருத்தருக்கு. ஆபீஸில் இருக்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

வலிப்பு இருப்பவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு பேருக்கு மாத்திரையால் முழுக்கக் கட்டுப்படாது. அந்த மூன்றாவது ஆள் நான். நாலு வகை மாத்திரை மாற்றி மாற்றிப் போட்டும் அது பாட்டுக்கு வந்தது. பி.காம். முடித்தேன், ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தேன். பெண் பார்க்கக் கிளம்பினோம்.

"சொல்லாம முடிச்சுடலாம்" என்றார் ஒரு சித்தப்பா. இந்து திருமணச் சட்டத்திலேயே ஒரு காலத்தில், திரும்பத் திரும்பப் பைத்தியம் பிடிப்பவர்களோடு வலிப்புக்காரர்களையும் ஒரே வரியில் சேர்த்துக் கல்யாணத்துக்குத் தகுதியில்லாதவர்கள் என்று வைத்திருந்தார்கள். 1999-ல்தான் 'வலிப்பு' என்ற வார்த்தையை அங்கிருந்து எடுத்தார்கள். சட்டம் விட்டாலும் சம்பந்தி விடுவாரா? நான் பிடிவாதமாகச் சொல்லிவிட்டுத்தான் பெண் பார்த்தேன். ஏழு இடத்தில் பஜ்ஜியோடு சரி. எட்டாவது பெண் மட்டும் ஒரு கேள்வி கேட்டாள்.

"வந்தா எவ்வளவு நேரம் இருக்கும்?"

"ரெண்டு நிமிஷம்."

"மத்த நேரம் ஒழுங்கா இருப்பீங்களா?"

இருப்பேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கு என்ன ஆனது என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னபோது எனக்கு உதறல். ஆனால், இது ஒன்றும் புதுசு இல்லையாம். 1949-ல் வேலூரில் நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கிய ஜேக்கப் சாண்டி, கனடாவில் மான்ட்ரியல் போய் பென்ஃபீல்ட் என்ற மேதையிடம் பயிற்சி பெற்று வந்தவர். அதற்கடுத்த சில வருஷங்களிலேயே அங்கே வலிப்புக்கு ஆபரேஷன் ஆரம்பமாகிவிட்டது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திராவில் 1995-லிருந்து நடக்கிறது. கனடாவில் எண்பது நோயாளிகளைக் குலுக்கிப் போட்டு, பாதிப் பேருக்கு ஆபரேஷன், பாதிப் பேருக்கு மாத்திரை என்று பிரித்து ஒரு ஆராய்ச்சி நடத்தி 2001-ல் வெளியிட்டார்கள். ஒரு வருஷம் கழித்து, நினைவு தப்பும் வலிப்பு இல்லாமல் இருந்தவர்கள் ஆபரேஷன் கோஷ்டியில் 58 சதவிகிதம். மாத்திரை கோஷ்டியில் வெறும் 8. காமர்ஸ் படித்தவன் இதற்கு மேல் என்ன கணக்குப் பார்ப்பான்?

டெஸ்டுகள் ஆரம்பித்தன. தலை முழுக்க ஒயர் ஒட்டி, எதிரே காமிரா வைத்து, மாத்திரையைக் குறைத்து, வலிப்பு வருவதற்காகக் காத்திருந்தார்கள். வேண்டாம் வேண்டாம் என்றபோதெல்லாம் வந்த சனியன், 'வா ராஜா வா' என்று பாய் விரித்தபோது மூன்று நாள் எட்டியே பார்க்கவில்லை. குழாய் ரிப்பேர்க்காரர்தான் ஞாபகத்துக்கு வந்தார். நாலாவது நாள் டிபனுக்கு நடுவில் வந்தது. இட்லியுடன் என்னைப் படம் பிடித்தார்கள்.

குற்றவாளி ஹிப்போகாம்பஸ். ஞாபகங்களைப் பதிவு செய்கிற இடம். பார்க்கக் கடல் குதிரை மாதிரி இருப்பதால் கிரேக்க மொழியில் அந்தப் பெயர். இடது பக்கத்துக் குதிரை எனக்குச் சுருங்கிப்போய்க் கிடந்தது. பக்கத்திலேயே பயம், கோபம், உணர்ச்சி இவற்றில் பங்கு வகிக்கும் அமிக்டலா என்ற சின்ன உருண்டை. கிரேக்கத்தில் பாதாம் பருப்பு என்று அர்த்தம். ஒரு குதிரை, ஒரு பாதாம், கொஞ்சம் அக்கம் பக்கம். இவ்வளவையும் எடுக்க வேண்டும் என்றார்கள்.

ரெண்டு பக்கமும் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சோகமான உதாரணம் இருக்கிறது. 1953-ல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற 27 வயது இளைஞருக்கு ரெண்டு பக்கத்தையும் எடுத்தார்கள். வலிப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால், அதன் பிறகு புதிதாக எதுவும் மனசில் தங்கவில்லை. வந்து பேசிவிட்டுப் போனவர் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தால் புது ஆள். 2008-ல் இறக்கிற வரைக்கும் அப்படியே இருந்தார். பிரெண்டா மில்னர் என்ற பெண் ஆராய்ச்சியாளர் அவரை வருஷக்கணக்காகப் பரிசோதித்து எழுதியதிலிருந்துதான், ஞாபகத்துக்கு இந்தக் குதிரை எவ்வளவு முக்கியம் என்று உலகத்துக்குத் தெரிந்தது. இன்றைக்கு என் மாதிரி ஆட்களிடம் ஒரு பக்கத்தோடு நிறுத்திக்கொள்வதும், மீதிப் பக்கம் சமாளிக்குமா என்று முன்கூட்டியே பரிசோதிப்பதும் அந்த மனிதர் கொடுத்த விலையில் வந்த ஜாக்கிரதை. அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

டெஸ்ட் எடுத்த சைக்காலஜிஸ்ட் பெண் பதினைந்து வார்த்தைகளை ஐந்து தடவை படித்தார். அரை மணி கழித்து எத்தனை ஞாபகம் இருக்கிறது என்றார். ஒன்பது சொன்னேன்.

"சார், பொதுவா பேச்சு, வார்த்தை, பேர் இதெல்லாம் இடது பக்கத்து இலாகா. ஆபரேஷனுக்கு அப்புறம் இந்த ஒன்பது குறையலாம். மனசும் கொஞ்ச நாள் ஒரு மாதிரி இருக்கும். யோசிச்சுக் கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். கையெழுத்துப் போடும்போது யார் சார் கீழே இருக்கிற பொடி எழுத்தைப் படிக்கிறார்கள்?

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. கண் விழித்ததும் பார்வையாளர் நேரம். ஆரஞ்சுப் பழத்தோடு வந்த அத்தனை உறவினர்களும் ஒரே கேள்வித்தாளோடு வந்தார்கள்.

"என்னைத் தெரியுதா? நான் யாருன்னு சொல்லு பார்க்கலாம்!"

பெரியப்பா என்று தெரிகிறது. பத்து வயதில் எனக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தது, ரேஷன் கடை வாசலில் என்னைக் கீழே தள்ளியது எல்லாம் தெரிகிறது. பெயர் மட்டும் தொண்டையில் நிற்கிறது. நான் முழிக்க, பெரியப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வராந்தாவில் போய், "புள்ளைக்கு எல்லாம் போயிடுச்சு" என்று அறிவித்துவிட்டார். அன்று சாயங்காலம் ஊரில் எனக்குக் கிட்டத்தட்டக் காரியம் பண்ணிவிட்டார்கள்.

வலிப்பு? அதற்குப் பிறகு இன்று வரை ஒரு தடவைகூட வரவில்லை. ரெண்டு வேளை கை நிறைய விழுங்கிய மாத்திரை இப்போது ஒன்றே ஒன்று. வரவுப் பக்கம் இது பெரிய தொகை. மறுக்கவே முடியாது.

பற்றுப் பக்கத்துக்கு வருவோம். அந்தப் பதினைந்து வார்த்தைப் பரீட்சையை மறுபடி எழுதினேன். ஐந்து! ஆபீஸில் கிளையன்ட் போன் பண்ணி, "போன வாரம் பேசினோமே" என்றால் எந்த வாரம், என்ன பேச்சு என்று தேட வேண்டியிருந்தது. 'டெப்ரிஸியேஷன்' என்ற வார்த்தை வராமல் பார்ட்னரிடம், "சார், வருஷா வருஷம் கிழவனாகுமே மெஷின், அது..." என்று சொன்ன அன்று, ஆபீஸே சிரித்தது. நானும் சிரித்தேன். பாத்ரூம் போய் அழுதேன்.

அழுகை இன்னொரு இலாகா. முன்னெல்லாம் நான் கல்லுளிமங்கன். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு பிரஷர் குக்கர் விளம்பரத்தைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதிருக்கிறேன். அதில் யாரும் சாகக்கூட இல்லை, சாதம் நன்றாகவே வெந்திருந்தது. கோபமும் அப்படித்தான். ஒரு நாள் ரசத்தில் உப்பு இல்லை என்று தட்டைத் தள்ளிவிட்டேன். எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து யாரும் செய்யாத காரியம். அம்மா ஒன்றும் பேசாமல் தரையைத் துடைத்தாள். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆறாவது மாசம் டாக்டரிடம் போய், "வலிப்பு போயிடுச்சு சார். ஆனா சந்தோஷம் வரமாட்டேங்குது" என்றேன். அவர் ஆச்சரியப்படவில்லை. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு முதல் சில மாதங்களில் மனச்சோர்வு, படபடப்பு, எரிச்சல் எல்லாம் பலருக்கு வருமாம். வலிப்பு நின்றவர்களுக்கும் வருமாம். மனநல டாக்டரிடம் அனுப்பினார். ஒரு வருஷம் அதற்கும் மாத்திரை சாப்பிட்டேன். பி.பி.-க்கு மாத்திரை போடுவதைப் பெருமையாகச் சொல்கிற நாம் இதை மட்டும் ஏன் மறைக்கிறோம் என்று தெரியவில்லை.

மெல்போர்னில் சில ஆராய்ச்சியாளர்கள் இதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். 'நார்மலாக இருப்பதன் பாரம்'. படித்தபோது யாரோ எங்கள் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்து எழுதியது போலிருந்தது. இருபது வருஷம் நான் நோயாளி. கேஸ் சிலிண்டர் தூக்க வேண்டாம், மொட்டை மாடிக்குப் போக வேண்டாம், எல்.ஐ.சி. பிரீமியம் அப்பாவே கட்டிவிடுவார். ஆபரேஷன் முடிந்ததும் ஒரே ராத்திரியில் நான் ஆம்பிளை. "இப்பதான் சரியாயிடுச்சே, நீயே போயேன்!" என்று ஆளுக்கொரு வேலை. கீழே விழுவதை விட்டுவிட்டேன், அதனால் எதற்கும் சாக்கு சொல்ல முடியவில்லை. மறதியோ வெளியில் தெரிவதில்லை. கட்டுப் போட்டிருந்தால் பஸ்ஸில் உட்கார இடம் கொடுப்பார்கள். பெயர் மறந்தவனுக்குத் 'திமிர் பிடித்தவன்' என்ற பட்டம்தான் கொடுக்கிறார்கள்.

அம்மாவுக்கும் வேலை போய்விட்டது. இருபது வருஷமாக என் அறை வாசலில் பாய் போட்டு, நான் புரண்டு படுத்தால்கூட விழித்துக்கொண்டவள். எனக்குக் கல்யாணமானபோது பாய் ஹாலுக்கு நகர்ந்ததே தவிர, காது நகரவில்லை. பாத்ரூமில் நான் தாழ்ப்பாள் போடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். ஆபரேஷனுக்கு அப்புறம் ஒரு வருஷம் கழித்து முதல் தடவையாகத் தாழ்ப்பாள் போட்டுக் குளித்தேன். வெளியே வந்தால் அம்மா கதவுக்குப் பக்கத்தில் பீரோ சாவியோடு நிற்கிறாள். "சும்மாதான்டா" என்றாள். இன்னும் ராத்திரி மூணு மணிக்கு எழுந்துகொள்கிறாள். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாமல், தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்கிறாள்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வலிப்புக்கு முந்தின அந்த சில நொடிகள், எல்லாமே ஏற்கெனவே நடந்த மாதிரி, எல்லாம் தெரிந்த மாதிரி ஒரு நிலை... அது இப்போது வருவதே இல்லை. அது நோய் என்று தெரியும். இருந்தாலும் சில சாயங்காலம் அதைத் தேடுகிறேன். எப்போதும் தொந்தரவு செய்த பக்கத்து வீட்டுக்காரர் காலி பண்ணிக்கொண்டு போன பிறகு, அவர் வீட்டு ரேடியோ சத்தத்தைத் தேடுகிற மாதிரி.

இதெல்லாம் கூடச் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது ஒன்று 2022-ல் நடந்தது.

என் மாமனாருக்கு பைபாஸ் என்று முடிவானது. என் மனைவி ஒரு ராத்திரி முழுக்க அதைப் பற்றிப் பேசினாள். பயமாக இருக்கிறது என்றாள். வியாழக்கிழமை காலையில் ஆறு மணிக்கு ஆஸ்பத்திரி, நீங்க கூட இருக்கணும் என்றாள். இருப்பேன் என்றேனாம். கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேனாம். செவ்வாய்க்கிழமை அவள் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். வியாழக்கிழமை காலையில் நான் வழக்கம் போல ஆபீஸ் போனேன். ஆபீஸுக்குள் செல்லைத் தொடக் கூடாது என்பது பார்ட்னரின் சட்டம். அது அணைந்து டிராயரில் கிடந்தது. மாமாவுக்கு ஆபரேஷன் என்று ஒன்று இருப்பது தெரியும். 'எப்போதோ' என்று தெரியும். அது இன்றைக்கு என்பது மட்டும் காலியிடம். சாயங்காலம் அஞ்சு மணிக்கு மச்சான் ஆபீஸ் நம்பருக்குப் போன் பண்ணி, "அத்தான், அப்பா நல்லா இருக்காரு" என்றபோதுதான் நாற்காலியிலிருந்து எழுந்தேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். சத்தம் போடவில்லை.

"நான் சொன்னப்ப நீங்க கேட்டுட்டுதானே இருந்தீங்க?"

"கேட்டேன்."

"அழுதீங்ககூட."

"ம்."

"அப்ப அது எங்கங்க போச்சு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. எம்.ஆர்.ஐ. படத்தில் கறுப்பாக இருக்கிற இடத்தைக் காட்டி, 'இங்கே போச்சு' என்றா சொல்ல முடியும்? 'மத்த நேரம் ஒழுங்கா இருப்பீங்களா' என்று கேட்டவளிடம்?

மூன்று நாள் அவள் பேசவில்லை. நாலாவது நாள் நான் ஒரு நோட்டு வாங்கினேன். அக்கவுன்ட்ஸில் முதல் பாடம் என்ன? எந்த நடவடிக்கையையும் ஞாபகத்தில் வைக்காதே, அன்றைக்கே டே புக்கில் எழுது. பி.காம்.-ல் படித்தது வாழ்க்கைக்கு உதவாது என்று யார் சொன்னது! தேதி, யார் சொன்னது, என்ன சொன்னது, நான் என்ன வாக்குக் கொடுத்தேன் என்று நாலு கட்டம் போட்டேன். கடைசியில் அவள் கையெழுத்துக்கு ஒரு கட்டம். ராத்திரி படுக்கும் முன்னால் ரெண்டு பேரும் சரிபார்ப்போம். ஆரம்பத்தில் அவள், "இது என்ன, புருஷன் பொண்டாட்டியா, ஆடிட்டா?" என்றாள். இப்போது நான் இல்லாதபோது அவளே எழுதி வைக்கிறாள். 'இன்று இவர் கோபப்படவில்லை' என்று ஒரு நாள் எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தை மட்டும் நான் பல தடவை படித்திருக்கிறேன்.

ஆடிட்டர் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டேன். "வார்த்தை மறக்கிறவன் எழுத்தாளனா?" என்று சித்தப்பா சிரித்தார். யோசித்துப் பாருங்கள்... பேசும்போது அடுத்த நொடி வார்த்தை வந்தாக வேண்டும். எழுதும்போது ஒரு வார்த்தைக்காக அரை மணி ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாலும் உங்களுக்குத் தெரியவா போகிறது? இந்தக் கட்டுரையில் 'ஸ்பானர்' என்று ஒரு வார்த்தை வந்ததே, அது வர ஒரு காபியும் ஒரு குளியலும் ஆயின.

இதைப் படித்துவிட்டு ஆபரேஷன் வேண்டாம் என்று யாரும் ஓட வேண்டாம். எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. எந்தப் பக்கம், முன்பு ஞாபகம் எவ்வளவு நன்றாக இருந்தது என்பதையெல்லாம் பொறுத்தது. சிலருக்கு ஞாபகம் கூடவும் செய்கிறது. என்னைக் கேட்டால், நாளைக்கே அந்தப் பேப்பரை நீட்டினாலும் மறுபடி கையெழுத்துப் போடுவேன். இந்தத் தடவை பொடி எழுத்தைப் படித்துவிட்டு, என் மனைவியையும் படிக்க வைத்துவிட்டு.

உங்களுக்கு ரெண்டே ரெண்டு விண்ணப்பம். ஆபீஸில் யாருக்காவது வலிப்பு வந்தால் சாவியைப் பாக்கெட்டிலேயே வையுங்கள். தலைக்கு அடியில் மெத்தென்று எதையாவது வைத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து, காலரைத் தளர்த்தி, வாயில் எதையும் வைக்காமல் கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷம் தாண்டினால் 108. அவ்வளவுதான். இரண்டாவது, மூளையில் ஆபரேஷன் ஆனவரைப் பார்க்கப் போனால், 'நான் யாருன்னு சொல்லு' என்று பரீட்சை வைக்காதீர்கள். உங்கள் பெயரை நீங்களே சொல்லிவிட்டு, ஆரஞ்சை உரித்துக் கொடுங்கள்.

முடிக்கிற இடத்தில் ஒரு அருமையான வார்த்தை போட வேண்டும் என்று ரெண்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அது... அந்த... நம்பிக்கை மாதிரி, ஆனால் நம்பிக்கை இல்லை... இப்போது வரமாட்டேன் என்கிறது.

பரவாயில்லை. இதைத் தபாலில் சேர்த்துவிட்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது வரும். நோட்டில் எழுதி வைக்கிறேன்.